டயருக்குக் கேட்ட பால்

1

நேற்றுக் காலை என் மகள் நிவேதா, எங்கள் கட்டிடத்தின் அடியில் உள்ள சாமான் அறையில் ஒரு போத்தலைக் கண்டெடுத்தாள். பெயிண்ட் வாளிகளுக்குப் பின்னால், பழைய துவாய் ஒன்றால் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. துவாய் என்னுடையது. சுற்றி வைத்தவனும் நான்தான்.

போத்தலைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்கினாள். உள்ளே கொஞ்சம் தண்ணீராகவும் கொஞ்சம் கட்டியாகவும் ஏதோ உருண்டது. என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கழற்றி வைத்திருந்த சைக்கிள் சக்கரத்தைக் காட்டி, "அப்பா, சில்லைப் பிடியுங்கோ" என்று மட்டும் சொன்னாள்.

அந்தப் போத்தலில் இருந்தது பால். குடிக்கிற பால் இல்லை, சைக்கிள் டயருக்குள் ஊற்றுகிற பால். போன மார்கழியில் இந்தப் போத்தலால் என் அக்கா வீட்டில் நடந்ததை ஊரில் இருக்கிறவர்களுக்கு எழுதிவிட வேண்டும் என்று நேற்று முழுக்க மனசு அரித்துக்கொண்டே இருந்தது. நான் இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழை இருக்கும். மற்றப் பிழைகளைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

2

நாங்கள் இருப்பது சுவிட்சர்லாந்தில், ஜெர்மன் பேசுகிற ஒரு மலை ஊர். நான் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறேன். காலையில் போனால் படுக்கை விரிப்பு, துவாய், மேசைத் துணி. பின்னேரம் வீட்டுக்கு வந்தால் கவலை. மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வர ஐந்து நிமிடம் பிந்தினால் ஜன்னலில் நிற்பேன். கடிதம் வந்தால் பிரிக்காமல் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். விசா புதுப்பிக்க எத்தனை கவுண்டரில் நின்றிருக்கிறேன், இன்னும் கவுண்டரைக் கண்டால் எனக்கு என் பெயரே மறந்துவிடும்.

இப்படிப்பட்டவனுக்கு மலையிலிருந்து சைக்கிளில் உருண்டு இறங்குவதே பொழுதுபோக்காக ஒரு மகள். பதினாறு வயது. இங்கே பிள்ளைகள் அதற்கென்றே தடித்த டயர் போட்ட சைக்கிள் வைத்திருக்கிறார்கள். ஊருக்குப் போவதென்று முடிவானதும் சைக்கிளையும் கொண்டுபோக வேண்டும் என்றாள். தேயிலைக்குள் போகும் பாதைகளை ஃபோனில் பார்த்திருக்கிறாள். கல்லும் முள்ளுமாக இருக்கும் என்று சொன்னேன், பயந்து விட்டுவிடுவாள் என்று. அவள் பயப்படவில்லை. "அப்ப டியூபைக் கழட்டிப் போடுவம்" என்றாள்.

டியூப் இல்லாமல் டயரா? எனக்குத் தூக்கம் போனது. பதுளை ரோட்டில் கார், ஆட்டோவெல்லாம் அப்படித்தான் ஓடுகின்றன என்று எனக்கும் தெரியும். ஆனால் அதில் போவது என் பிள்ளை இல்லையே.

அவளே செய்தாள். டயரைக் கழற்றி, டியூபை உருவி, வளையத்தின் உள்பக்கத்தைத் துடைத்து, கம்பித் துளைகள் எல்லாம் மூடும்படி ஒரு டேப்பை இழுத்து இழுத்து ஒட்டினாள். புது வால்வைப் பொருத்தி, டயரைத் திரும்ப மாட்டி, உள்ளே இந்தப் பாலை ஊற்றினாள். பிறகு ஒரே மூச்சாகக் காற்றை அடித்தாள். டயரின் ஓரம் வளையத்தில் ஏறி உட்காரும்போது டப், டப் என்று வெடிக்கிற சத்தம். நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். பிறகு சில்லைப் படுக்க வைத்து, சாய்த்து, பால் எல்லாப் பக்கமும் ஓடும்படி ஆட்டினாள். முள் குத்தினால் பால் அந்த ஓட்டைக்கு வந்து உறைந்து தானாகவே அடைத்துவிடும் என்றாள்.

ஜெர்மனில் அதன் பெயரே அடைக்கும் பால் என்றுதான். வாங்கி வர என்னைத்தான் அனுப்பியிருந்தாள். நான் முன்பாதியை மறந்து, சைக்கிள் கடையில் போய் "பால் வேண்டும்" என்றேன். கடையில் நின்ற பெண் மிகவும் மரியாதையாக எதிரே இருந்த மளிகைக் கடையைக் காட்டினாள்.

போத்தலைத் திறந்ததும் மூக்கில் ஏறிய காரநெடியை எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது. ரப்பர் பால். மொனராகலைப் பக்கம் எங்கள் சொந்தக்காரர்கள் பால்வெட்டுக்குப் போவார்கள்; அவர்கள் சட்டையில் இந்த வாடைதான் அடிக்கும். அதை வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "நீங்கள் தோட்டத்திலயோ இருந்தனீங்கள்?" என்று நிவேதா கேட்டாள். "பதுளைப் பக்கம்" என்றேன். இத்தனை வருடமாக எல்லோருக்கும் அதே பதில். பதுளையில் எங்கே என்று கேட்டால் குளிரைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவேன். என் மனைவி வவுனியாக்காரி. அவளுக்குத் தெரியும். ஆனால் தோட்டத்து வரிசை வீடுகளுக்குச் சொல்கிற லயம் என்ற சொல்லை நான் சொல்லி என் மகள் கேட்டதில்லை.

3

பயணத்துக்கு முதல் நாள் சைக்கிள் பெட்டிக்குள் இருந்த அவள் பையில் அந்தப் போத்தலைப் பார்த்தேன். வெள்ளைத் திரவம். எனக்கு வெள்ளையாக எது இருந்தாலும் பயம். ஒருமுறை நான் தனியாக ஊருக்குப் போய்த் திரும்பும்போது அக்கா வறுத்த அரிசி மா கொடுத்துவிட்டாள். இங்கே விமான நிலையத்தில் என்னைத் தனியே கூட்டிப் போய், பொதியைக் கத்தியால் கீறி, மாவை ஏதோ மருந்தில் போட்டுப் பார்த்தார்கள். நிறம் மாறவில்லை. மன்னிப்புக் கேட்டு அனுப்பினார்கள். அன்றைக்கே அக்காவுக்கு ஃபோன் எடுத்து, இனிமேல் எதுவும் கொடுத்துவிடாதே என்று கத்தினேன். அதற்குப் பிறகு அவள் எதுவும் கொடுத்துவிடவில்லை.

அதனால் போத்தலை எடுத்தேன். மகளிடம் சொன்னால் சிரிப்பாள், சட்டம் தெரியாதா என்பாள், பெட்டிக்குள் வைக்கலாம் என்று ஃபோனில் காட்டுவாள். சட்டம் அவளுக்குத் தெரியும், பயம் எனக்குத்தான் தெரியும். துவாயில் சுற்றிப் பெயிண்ட் வாளிக்குப் பின்னால் வைத்தேன். டயருக்குள்தான் ஏற்கெனவே பால் இருக்கிறதே, போதும் என்று நினைத்தேன்.

4

மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் மகளும்தான் போனோம். பதுளை டவுனில் ஹோட்டல் அறை எடுத்திருந்தேன். "சாமான் கூடக்கா, சைக்கிள் வேற, அங்க எடம் பத்தாது" என்று அக்காவிடம் ஃபோனில் சொல்லியிருந்தேன். "ஆமாமா" என்றாள். அக்கா எதற்கும் ஆமாமா என்றுதான் சொல்வாள்.

அவள் இருப்பது ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தோட்டத்தில். நாங்கள் பிறந்த அதே லயம், அதே ஒற்றை அறைக் காம்பரா. மச்சான் கொழும்பில் ஒரு கடையில் வேலை. அக்கா தனியாகத்தான் இருக்கிறாள். போய்ப் பார்த்து, சாப்பிட்டு, பொழுது சாயும் முன் டவுனுக்குத் திரும்பிவிடுவது என்பது என் திட்டம். விமானத்திலேயே மகளுக்கு இரண்டு விஷயம் சொல்லிக் கொடுத்திருந்தேன். அங்கே மாமி என்று கூப்பிடாதே, அத்தை என்று சொல். என்னோடு ஜெர்மனில் பேசாதே, அத்தை சங்கடப்படுவாள், எதுவானாலும் தமிழில் கேள்.

மேல் ரோட்டிலிருந்து நிவேதா சைக்கிளில் இறங்கினாள். நான் பின்னால் ஆட்டோவில். லயத்துக்கு மேலேயுள்ள கடைசி வளைவில், கூரையிலிருந்து காற்றில் பறந்து விழுந்த தகரத் துண்டு ஒன்று கிடந்திருக்கிறது. நான் வந்து சேரும்போது அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தாள். பின்டயர் சப்பையாகக் கிடந்தது. காலில் வெள்ளை வெள்ளையாகத் தெறித்திருந்தது. அடி ஒன்றும் இல்லை.

அக்கா ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். லயத்துச் சனமெல்லாம் வாசலில். நிவேதா நீளமாகப் போகும் கூரையை அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை பார்த்தாள். "இது முழுக்க அத்தையின்ர வீடோ?"

யாரோ பக்கென்று சிரித்தார்கள். "இல்ல பாப்பா" என்றாள் அக்கா. "இந்தக் கதவு மட்டுந்தான் நம்மளது."

அதற்குள் நிவேதா குந்தி உட்கார்ந்து டயரைத் தடவிப் பார்த்தாள். சின்ன முள் என்றால் பாலே அடைத்திருக்கும். இது தகரம் கிழித்த வெட்டு. பையிலிருந்து புழு மாதிரி ஒரு ரப்பர்த் துண்டை எடுத்து வெட்டுக்குள் செருகினாள். ஆனால் உள்ளே இருந்ததெல்லாம் வெளியே போய்விட்டது. புதுசாக ஊற்றினால்தான் காற்று நிற்கும். நான் சொல்லிக் கொடுத்ததை அவள் மறக்கவில்லை. தமிழில்தான் கேட்டாள், நல்ல சத்தமாக:

"அப்பா, பால் வேணும்!"

அக்காவின் முகம் மாறியதை நான் கண்டேன். அந்த வீட்டில் சாயத்தண்ணிதான் குடிப்பார்கள். வெறும் தேயிலைச் சாயம், ஒரு கையில் கோப்பை, மறு உள்ளங்கையில் கொஞ்சம் சீனி. பால் வைத்திருக்கிற வீடு இல்லை. வெளிநாட்டிலிருந்து முதன்முதலாக வந்த மருமகள் வாசலில் வைத்துப் பால் கேட்கிறாள்.

அக்கா பின்பக்கமாகப் போனாள். பிறகு எனக்குக் கேட்டது. "லெட்சுமி, பால்மா இருக்காடி? புள்ள கேக்குது." இல்லை. அடுத்த கதவு. "பால்மா இருக்கா?" அடுத்த கதவு. லயத்துச் சுவர் மெல்லிசு. அக்காவின் குரல் கதவு கதவாகத் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது, அந்தக் கோடிவரை.

நான் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அக்கா, அந்தப் பால் இல்லை, இது டயருக்கு. அவ்வளவுதான். ஆனால் அப்படிச் சொன்னால் அடுத்த கேள்வி, அந்தப் பால்போத்தல் எங்கே என்பதாக இருக்கும். அதனால் நான் ஆட்டோக்காரனிடம் ரோட்டைப் பற்றி விசாரித்துக்கொண்டு நின்றேன்.

அக்கா வந்தாள். கிளாஸ் நிறையப் பால். ஆற்றி ஆற்றி மேலே நுரை எழுப்பியிருந்தாள். ஒரு தட்டில் வைத்து நீட்டினாள்.

"ஊதிக் குடி பாப்பா. சூடு."

"ஐயோ அத்தை, எனக்கில்லை. டயருக்கு."

"என்னாது?"

"டயருக்குப் பால். உள்ளுக்கு விடுறது."

பக்கத்துக் காம்பரா லெட்சுமி வாசலில் நின்றாள். அவள்தான் முதலில் விளங்கிக்கொண்டாள். "அடியாத்தி! வெளிநாட்டுல டயரு கூட பாலு குடிக்குதாம்டி! நமக்குத்தான் சாயத்தண்ணி!"

லயமே சிரித்தது. அக்காவும் சிரித்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. ஆனால் கிளாஸ் இருந்த தட்டை அவள் இறக்கவில்லை. நீட்டியபடியே இருந்தது.

நிவேதா பால் குடிப்பதில்லை. மாட்டிலிருந்து வரும் எதையும் தொடுவதில்லை என்று கொஞ்சக் காலமாக ஒரு பிடிவாதம். வீட்டில் நானும் அவள் அம்மாவும் மல்லுக்கட்டி ஓய்ந்துவிட்டோம். அவள் கிளாஸைப் பார்த்தாள். திறந்திருந்த கதவுகளைப் பார்த்தாள். பிறகு படியில் உட்கார்ந்து, தட்டை வாங்கி, ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். மேலுதட்டில் வெள்ளைக் கோடு. "நல்லா இருக்கு அத்தை" என்றாள்.

"பேச்சப் பாரேன், எங்க பள்ளிக்கூடத்து யாழ்ப்பாண டீச்சர் மாதிரியே" என்றாள் லெட்சுமி.

"அவ மட்டுமா? இவனும்தான் ஃபோன்ல 'கதைக்கிறேன்'ங்கிறான்" என்று அக்கா என்னைக் காட்டினாள். "பேசுறத மறந்துட்டியாடா?"

பிறகு நிவேதா பையைக் கவிழ்த்துத் தேடினாள். "அப்பா, போத்தலைக் காணேல்லை."

"ஏர்போர்ட்ல எடுத்திருப்பாங்க" என்றேன்.

"கள்ளப் பயலுக" என்றாள் அக்கா, பிள்ளைக்காக வருத்தப்பட்டு.

5

பின்னேரம் மழை பிடித்தது. ஆட்டோக்காரன் ஃபோன் எடுத்து, வந்தால் இப்போதே வர வேண்டும், பிறகு ரோடு வழுக்கும் என்றான்.

"ராவைக்கு இங்கேயே இருந்துட்டுப் போங்களேன்" என்றாள் அக்கா. கட்டிலில் புது விரிப்புப் போட்டிருந்தாள். கடையில் மடித்த மடிப்புக் கோடுகூட இன்னும் போகவில்லை. நான் தினமும் நூற்றுக்கணக்கில் விரிப்பு மடிக்கிறவன். அது என் கண்ணில் முதலிலேயே பட்டது. படாத மாதிரி இருந்தேன்.

"இல்லக்கா. புள்ளைக்கு ஒத்துக்காது."

"ஆமாமா" என்றாள் அக்கா. "புள்ளைக்கு எப்புடி ஒத்துக்கும்."

"எனக்கு என்ன ஒத்துக்காது?" என்று நிவேதா கேட்டாள்.

நான் சட்டென்று ஜெர்மனில் சொன்னேன், பிறகு சொல்கிறேன் என்று. ஜெர்மன் பேசாதே என்று தடை போட்டவன் நான்.

அக்கா அவளுக்குப் பொறுமையாக விளக்கினாள். "இந்த எடத்துல படுக்குறது ஒனக்கு ஒத்துக்காதுன்னு அப்பா சொல்றான் பாப்பா. கக்கூஸ் வேற வெளியில இருக்குல்ல."

"நான் அப்பிடிச் சொல்லேல்லையே" என்றாள் நிவேதா. "நான் இங்க நிக்கிறன்."

"ஏன் நிக்கணும்? படுத்துக்க."

தங்குவதைத்தான் நிவேதா நிற்பது என்றாள். அவர்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குப் பிடித்துக்கொள்ள இன்னொரு சாக்கு மிச்சமிருந்தது. அது முழுப் பொய்யும் இல்லை. அந்த லயத்துக்குப் பின்னால் மலை செங்குத்தாக நிற்கிறது. மீரியபெத்தையில் மண் வந்து லயங்களை மூடியதிலிருந்து, ஊரில் மழை என்று செய்தியில் கேட்டாலே எனக்கு அந்த மலைதான் கண்ணில் நிற்கும். "மழை இப்புடி ஊத்துது. மலை வேற... பயமா இருக்குக்கா. புள்ளைய வச்சுக்கிட்டு..."

அக்கா அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள். கோபமாகச் சொல்லவில்லை. குழம்பில் உப்புக் குறைவு என்பது மாதிரிச் சொன்னாள்.

"நாங்க தெனமும் இங்கதானடா படுக்குறோம்."

ஆட்டோவை வர வேண்டாம் என்று சொன்னேன்.

6

காலையில் அக்கா வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் போகவில்லை. எங்களுக்காகப் பேர் கொடுக்காமல் நின்றுவிட்டாள். மழை விட்டு, தேயிலை மேல் வெயில் ஏறியிருந்தது. நிவேதா படியில் உட்கார்ந்திருந்தாள். அக்கா அவள் கையில் ஒரு கோப்பை சாயத்தண்ணியைக் கொடுத்து, மறு கையை விரிக்கச் சொல்லி, உள்ளங்கையில் கொஞ்சம் சீனி போட்டாள். "நக்கிக்கிட்டே குடிக்கணும். அதான் ருசி." நிவேதா நக்கினாள், குடித்தாள், நக்கினாள்.

எனக்குக் கிளாஸில் வந்தது பால் தேத்தண்ணி. முதல் நாள் கடன் வாங்கிய பால்மாவில் மிச்சம்.

"எனக்கும் சாயத்தண்ணியே போதும்க்கா."

"குடிடா. விருந்தாளிக்கு வெறும் சாயத்தக் குடுத்தேன்னு லயத்துல பேச்சு வந்துரும்."

"அப்ப அவ?"

"அவ நம்ம வீட்டுப் புள்ளயில்ல?"

அக்கா குத்திக்காட்டுகிறவள் இல்லை. உள்ளதைத்தான் சொன்னாள். நான் அந்தப் பாலை விழுங்கினேன்.

ஹாலிஎலவில் ஒரு சைக்கிள் கடையில் டியூப் கேட்டுப் பார்த்தேன். அவர்களிடம் இருந்த டியூபின் வால்வு தடிப்பு. எங்கள் வளையத்துத் துளைக்குள் போகாது. துளையைப் பெரிசாக்கித் தருகிறேன் என்று துளைபோடும் மெஷினைக் கையில் எடுத்தார் கடைக்காரர். நிவேதா சைக்கிளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அதோடு சைக்கிள் பெட்டிக்குள் போனது.

மிச்ச நாளெல்லாம் அவள் அக்காவோடு தேயிலைக்குள் நடந்தாள். இரவில் அங்கேயே படுத்தாள். நானா? சாமானுக்குக் காவல் வேண்டும் என்று சொல்லி ஒவ்வொரு நாளும் இருட்டும் முன் டவுனுக்குப் போய்விட்டேன். ஒவ்வொரு நாளும் அக்கா "ஆமாமா, சாமான் பத்திரம்" என்றாள். மலைக்கு அடியில் மகளை விட்டுவிட்டு மெத்தையில் படுத்த அப்பன் நான். கவலைப்பட்டே சாகிறவன் என்று என் வீட்டில் என்னைச் சொல்வார்கள். அந்தக் கவலை எதற்காக என்று அந்த ஹோட்டல் அறையில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. பிள்ளைக்காக என்றால் நான் அங்கே அவள் பக்கத்தில் அல்லவா படுத்திருக்க வேண்டும்.

7

நேற்று நான் சில்லைப் பிடித்தேன். டயருக்குள் ஊற்றுகிற பால் சில மாதங்களில் காய்ந்துவிடும், திரும்பப் புதுசு ஊற்ற வேண்டும். அதற்கு இடம் ஒதுக்கும்போதுதான் நிவேதா பெயிண்ட் வாளிகளை நகர்த்தியிருக்கிறாள். வெட்டு விழுந்த டயருக்குப் பதில் புது டயர். ஊற்றினாள், அடித்தாள், டப் டப் என்றது. இந்த முறை நான் ஓடவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு அவள் அத்தைக்கு வீடியோ கோல் எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்கிறார்கள். அக்கா திரையில் வந்ததும் வழக்கமான பகிடியோடுதான் வந்தாள்.

"என்னா பாப்பா, டயரு பாலு குடிச்சிருச்சா?"

"குடிச்சிட்டுது அத்தை. பழைய போத்தலும் கிடைச்சிட்டுது. ஏர்போர்ட்டில ஒருத்தரும் எடுக்கேல்லை."

"அப்ப எங்கதான் இருந்துச்சு?"

நிவேதா ஃபோனை என் கையில் தந்துவிட்டுச் சில்லை எடுத்துச் சாய்த்துச் சாய்த்து ஆட்டத் தொடங்கினாள்.

"நான்தான்க்கா எடுத்து ஒளிச்சு வச்சேன்" என்றேன். "கஸ்டம்ஸ்காரனுக்குப் பயந்துகிட்டு."

"தெரியும்டா."

"எப்புடி?"

"புள்ள பாலுன்னு கேட்டப்ப ஒம் மூஞ்சியப் பாத்தேன். என்னமோ ஒளிக்கிறன்னு அப்பவே தெரிஞ்சிச்சு." லயத்தில் யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டது. "நான் எங்களத்தான் ஒளிக்கிறியோன்னு நெனச்சுட்டேன். போத்தலத்தானா? போடா." சிரித்தாள்.

நான் தப்பிப் போக அக்கா கதவைத் திறந்து வைத்துவிட்டாள். ஆமாக்கா, போத்தலைத்தான் என்று சொல்லி நான் வெளியே போய்விடலாம். அவளும் அதையே வைத்துக்கொண்டு அடுத்த பேச்சுக்குப் போயிருப்பாள். நிவேதா சில்லை ஆட்டுவதை நிறுத்தியிருந்தாள். பால் உள்ளே ஒரு பக்கமாக வழிந்து நிற்கும் சத்தம்.

"போத்தலையும்தான்க்கா" என்றேன்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தலையாட்டினாள்.

"ஆமாமா" என்றாள்.